செங்கழுகு டிவிஷன்: 4வது இந்திய காலாட்படை டிவிஷன் கண்ட போர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

4வது டிவிஷன் எப்போது போருக்குப் போனது? அதில் யார் யார் இருந்தார்கள்?

இரண்டாம் உலகப்போர் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதே, 1939 ஆகஸ்டில், 11வது பிரிகேட் கப்பலேறி எகிப்தில் இறங்கிவிட்டது. அதன்பின் 5வது பிரிகேட் வந்தது, 1940இல் 7வது பிரிகேட் வந்து சேர்ந்தது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் 4வது இந்திய காலாட்படை டிவிஷன். அந்தப் போரில் கடல் கடந்த முதல் இந்திய டிவிஷன் இது. சீருடைத் தோளில் சிவப்புக் கழுகுச் சின்னம் அணிந்ததால் செங்கழுகு டிவிஷன் என்று பெயர் நிலைத்தது.

ஒரு பிரிகேடுக்கு மூன்று பட்டாலியன்கள். பெரும்பாலும் அவற்றில் ஒன்று பிரிட்டிஷ், இரண்டு இந்திய பட்டாலியன்கள். 11வது பிரிகேடில் கேமரன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர்களோடு ராஜ்புதானா ரைபிள்ஸும் ராஜ்புத் ரெஜிமென்ட்டும் இருந்தன. மற்ற இரண்டிலும் பஞ்சாபி, சீக்கிய பட்டாலியன்கள். கூர்க்காக்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். இவர்களைச் சுற்றி பீரங்கிப்படை, சாப்பர்கள் எனப்படும் பொறியியல் படையினர், மருத்துவப் பிரிவு, போக்குவரத்து, சமையல் என ஒரு பெரிய கூட்டம். எல்லாம் சேர்ந்து 15,000 பேருக்குக் குறையாது.

முதல் பெரிய சண்டை எது?

1940 டிசம்பர் 9. எகிப்துக்குள் நுழைந்திருந்த இத்தாலியப் படை, சிடி பர்ரானியைச் சுற்றிப் பாலைவனத்தில் வரிசையாக முகாம்கள் அமைத்து உட்கார்ந்திருந்தது. முகாம்களுக்கு நடுவே பெரிய இடைவெளி ஒன்று காவலின்றிக் கிடந்தது. டிவிஷன் இரவோடு இரவாக அந்த இடைவெளியில் புகுந்து, விடியும்போது நிபெய்வா முகாமின் பின்பக்கம் வந்து நின்றது. இத்தாலியர்களின் லாரிகள் போய்வருவதற்காக அந்தப் பக்கத்தில் கண்ணிவெடி இல்லாத வழி ஒன்று விடப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகள் அதன் வழியே நுழைந்தன. அவற்றின் கவசத்தைத் துளைக்க இத்தாலியப் பீரங்கிகளால் முடியவில்லை. முகாமின் தளபதி மலெட்டி சண்டையிலேயே இறந்தார். அன்றே தும்மர் முகாம்களுக்குள் 5வது பிரிகேட் நுழைந்தது. மறுநாள் சிடி பர்ரானி விழுந்தது.

கைதிகள் 38,000 பேர் அளவில். பிடித்தவர்களைவிடப் பிடிபட்டவர்கள் அதிகம்.

அப்படி வென்ற டிவிஷனை உடனே வேறு இடத்துக்கு அனுப்பியது ஏன்?

மத்தியக் கிழக்கின் தலைமைத் தளபதி வேவலுக்கு இன்னொரு கவலை இருந்தது. சூடானின் எல்லையில் எரித்திரியாவிலும் இத்தாலியப் படை நின்றது. செங்கடல் வழியைத் திறக்க அதை அகற்றியாக வேண்டும். கப்பல்கள் கிடைத்த நேரத்தில் அனுப்பினால்தான் உண்டு. டிசம்பர் 11ஆம் தேதி, சிடி பர்ரானி விழுந்த மறுநாள், 4வது டிவிஷன் போர்முனையிலிருந்து எடுக்கப்படும் என்று களத்தில் இருந்த தளபதி ஓ'கானருக்குச் சொல்லப்பட்டது. அவருக்கு அது பேரதிர்ச்சி. அதன் இடத்தை ஆஸ்திரேலியாவின் 6வது டிவிஷன் நிரப்பியது.

இந்த முடிவு சரியா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். லிபியாவில் ஓடும் எதிரியைத் துரத்தச் சில வாரங்கள் வீணாயின, அது உண்மை. ஆனால் எரித்திரியாவில் அதன்பின் நடந்ததைப் பார்த்தால், மலையேறிச் சண்டையிட அப்போது வேவலிடம் இவர்களைவிடத் தகுந்த படை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கெரென் சண்டையை இந்த டிவிஷனின் உச்சம் என்கிறார்களே, ஏன்?

கெரென் எரித்திரியாவின் மேட்டு நிலத்தில் உள்ள ஊர். மேற்கிலிருந்து வரும் சாலையும் ரயில் பாதையும் டொங்கோலாஸ் என்ற குறுகிய கணவாய் வழியாகத்தான் மேலே ஏறும். இருபுறமும் செங்குத்தான பாறை மலைகள். இத்தாலியர்கள் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்துக் கணவாய்ச் சாலையை மூடிவிட்டு, மலை உச்சிகளில் காத்திருந்தார்கள். இங்கே நின்றவர்கள் சிடி பர்ரானியில் சரணடைந்தவர்களைப் போன்றவர்கள் அல்லர். சவோயா கிரெனேடியர்களும் ஆல்பினி மலைப்படையினரும் அஸ்காரிகள் எனப்பட்ட எரித்திரிய உள்ளூர் வீரர்களும் உறுதியாகப் போரிட்டார்கள். இதைச் சொல்லாமல் கெரென் வெற்றியைச் சொல்வது நம் ஆட்களுக்கும் நியாயம் செய்வதாகாது.

1941 பிப்ரவரி 3 முதல் மார்ச் 27 வரை சண்டை நீடித்தது. கேமரன்கள் முதலில் பிடித்த முகடு அவர்கள் பெயரிலேயே கேமரன் ரிட்ஜ் ஆனது. அதைப் பிடித்தது ஒரு பாடு, வைத்திருந்தது அதைவிடப் பெரும்பாடு. தண்ணீர், தோட்டா, உணவு எல்லாவற்றையும் வெயிலில் முதுகில் சுமந்து மேலே ஏற்ற வேண்டும். காயம்பட்டவர்களைச் சுமந்து கீழே இறக்க வேண்டும். சண்டையிட வேண்டிய ஆட்களில் கணிசமான பங்கு சுமைதூக்கவே போயிற்று. மேலே, சான்சில் மலையிலிருந்து எதிரி ஒவ்வோர் அசைவையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறாவது ராஜ்புதானா ரைபிள்ஸின் 4வது பட்டாலியனைச் சேர்ந்த சுபேதார் ரிச்பால் ராம், போர்க்கள வீரத்துக்கான பிரிட்டனின் உயரிய விருதான விக்டோரியா கிராஸ் பெற்றது இங்கேதான். பிப்ரவரி 7 இரவு கம்பெனித் தளபதி காயப்பட்டு விழ, அவர் பொறுப்பேற்று முப்பது பேர் அளவிலான ஆட்களோடு இலக்கைப் பிடித்தார். நள்ளிரவிலிருந்து அதிகாலை நான்கரை மணிவரை ஆறு எதிர்த்தாக்குதல்களை முறியடித்தார். தோட்டா தீர்ந்ததும் எஞ்சியவர்களை எதிரிகளுக்கு நடுவே வழிசெய்து மீட்டு வந்தார். ஐந்து நாள் கழித்து மறுபடி அதே இடத்துக்குத் தாக்குதலை நடத்திச் சென்றபோது வலது பாதம் சிதறியது. அந்த நிலையிலும் ஆட்களை முன்னேறச் சொல்லிக்கொண்டே உயிர்விட்டார்.

கடைசியில் 5வது இந்திய டிவிஷனும் சேர்ந்து நடத்திய தாக்குதலில்தான் கணவாய் வசப்பட்டது. சாப்பர்கள் சாலை அடைப்பை அகற்ற, டாங்கிகள் உள்ளே போயின. இரண்டு டிவிஷன்களிலும் சேர்த்து இறந்தவர்கள் 500 பேருக்கு மேல், காயமடைந்தவர்கள் 3000 பேருக்கு மேல். கெரென் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இந்து, சீக்கிய வீரர்களுக்கெனத் தனியாக ஒரு தகன நினைவிடம் இருக்கிறது.

தமிழர்கள் இந்த டிவிஷனில் இருந்தார்களா?

இருந்தார்கள். துப்பாக்கி ஏந்திய காலாட்படைப் பட்டாலியன்களில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். சில இனத்தவர் மட்டுமே போருக்குப் பிறந்தவர்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் கட்டிய கொள்கையால் தென்னிந்தியர்களைக் காலாட்படையில் சேர்ப்பது குறைந்துகொண்டே போய், மெட்ராஸ் காலாட்படைப் பட்டாலியன்கள் 1920களில் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபிறவி எடுத்தது. அந்தக் கொள்கை எவ்வளவு பொய் என்பதற்கு இந்த டிவிஷனின் சாப்பர்களே சாட்சி.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படை கலைக்கப்படவில்லை. அதன் 12வது ஃபீல்டு கம்பெனியும் 11வது ஃபீல்டு பார்க் கம்பெனியும் 4வது டிவிஷனோடு போயின. பாலம் கட்டுவது, சாலை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. காலாட்படை முன்னேறும் முன்பே இவர்கள் முன்னே போயாக வேண்டும், பெரும்பாலும் இருட்டில், கையால் மண்ணைத் தடவிக்கொண்டு. ராணுவத்தில் இவர்களைத் 'தம்பிகள்' என்றே எல்லோரும் அழைப்பார்கள். இன்றும் அந்தப் பெயர் உண்டு.

செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் 11வது ஃபீல்டு பார்க் கம்பெனிக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ அருகே அவருடைய குழு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தது. உடனிருந்த ஒருவரின் காலடியில் வெடி ஒன்று தூண்டப்பட்டது. அது வெடிப்பதற்குள் இருந்தது சில நொடிதான். சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து தன் உடலால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு, எதிரியோடு நேருக்கு நேர் மோதாத தருணத்துத் துணிச்சலுக்கான உயரிய விருதான ஜார்ஜ் கிராஸ் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

போர் முழுவதிலும் டிவிஷனுக்குக் கிடைத்த ஜார்ஜ் கிராஸ் மூன்று. மற்ற இரண்டும் 1944 ஜூலையில் ஒரே சம்பவத்தில், சென்ட்ரல் இந்தியா ஹார்ஸ் படையின் சவார் தித்தோ ராமுக்கும் அதில் பணியாற்றிய லெப்டினன்ட் யங்குக்கும் கிடைத்தவை. அதுவும் கண்ணிவெடி நிலத்தில்தான். விக்டோரியா கிராஸ் வீரர்களின் பெயர்கள் ஓரளவு நினைவுகூரப்படுகின்றன. சுப்பிரமணியனின் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

1942இல் இந்த டிவிஷன் தோற்றதா?

தோற்றது என்பதைவிடத் துண்டாடப்பட்டது என்று சொல்ல வேண்டும். இந்த டிவிஷனின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இது. 1941 ஜூனிலேயே 5வது பிரிகேட் தனியாகச் சிரியாவில், ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி பிரெஞ்சு அரசின் படையோடு மோதியது. டமாஸ்கஸின் வாசலான மெஸ்ஸே கிராமத்தில் டாங்கி எதிர்ப்பு வசதி இல்லாமல் சூழப்பட்டுப் பெரும் இழப்பைச் சந்தித்தது. அதே ஜூனில் 11வது பிரிகேட் எகிப்து-லிபியா எல்லையின் ஹல்ஃபாயா கணவாயில் வீணாக மோதிக்கொண்டிருந்தது.

1942 ஜனவரியில் ஜெர்மானியத் தளபதி ரோம்மல் திருப்பித் தாக்கியபோது 7வது பிரிகேட் லிபியாவின் பெங்காசியில் சிக்கியது. பிரிகேடியர் பிரிக்ஸ் சரணடையவும் இல்லை, கடற்கரைச் சாலையில் ஓடவும் இல்லை. எதிரியின் ஊடாகத் தெற்கே பாலைவனத்துக்குள் புகுந்து, பெரும் சுற்றுச்சுற்றி ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரு பின்வாங்கலை இவ்வளவு துணிச்சலாகச் செய்த உதாரணம் அந்தப் பாலைவனப் போரில் அரிது.

11வது பிரிகேடுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. லிபியாவின் துறைமுகக் கோட்டையான டோப்ருக்கில் வேறு தலைமையின்கீழ் வைக்கப்பட்டு, ஜூன் 21 அன்று கோட்டை விழுந்தபோது கைதானது. கேமரன்கள் மட்டும் மறுநாள்வரை தாக்குப்பிடித்தார்கள். அப்போது டிவிஷன் தளபதியாக இருந்தவர் மேஜர் ஜெனரல் பிரான்சிஸ் டக்கர். தன் பிரிகேடுகளை ஆளுக்கொரு பக்கமாக இரவல் கொடுப்பதை அவர் ஓயாமல் எதிர்த்தார். எகிப்தில் நடந்த எல் அலமெய்ன் பெருஞ்சண்டையில்கூட டிவிஷனுக்குக் கிடைத்தது ருவெய்சாத் மேட்டில் இரண்டாம்பட்ச வேலைதான்.

அப்படியானால் எப்போது எழுந்து நின்றது?

துனீசியாவில், வாடி அக்காரித்தில். கடலுக்கும் உப்புச் சதுப்புக்கும் இடையில் குறுகிய நிலம், அதன் மேற்குப் பக்கம் ஃபத்னஸ்ஸா என்ற மலைத்தொகுதி. மேலதிகாரிகளின் முதல் திட்டம் மலையைத் தொடாமல் விட்டிருந்தது. அந்த மலை எதிரியிடம் இருக்கும்வரை சமவெளியில் போகிறவர்கள் சாவார்கள், பீரங்கி முழக்கமே இல்லாமல் இரவில் ஏறி அதைப் பிடிக்க என் ஆட்களால் முடியும் என்று டக்கர் வாதிட்டுத் திட்டத்தை மாற்றவைத்தார்.

1943 ஏப்ரல் 5 இரவு 2வது கூர்க்காவின் முதல் பட்டாலியன் முன்னே சென்றது. சுபேதார் லால்பகதூர் தாபா ஒரு குறுகிய பாறை இடுக்கில், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேரெதிரே ஏறி, குக்ரி என்ற வளைகத்தியாலும் கைத்துப்பாக்கியாலும் வழி திறந்தார். விடியும்போது மலை டிவிஷன் கையில். அவருக்கு விக்டோரியா கிராஸ். இரண்டு வாரம் கழித்து ஜெபல் கார்சியில் கம்பெனி ஹவில்தார் மேஜர் சேலு ராம் தன் உயிரைக் கொடுத்து இன்னொன்றைப் பெற்றார்.

மே 12 அன்று ஆப்பிரிக்காவிலிருந்த அச்சுநாட்டுப் (ஜெர்மன், இத்தாலியப்) படைகளின் தளபதி வான் ஆர்னிம் இந்த டிவிஷனிடம் பிடிபட்டார். எகிப்தில் தொடங்கியவர்கள் துனீசியாவில் முடித்துவைத்தார்கள்.

மான்டே கசினோவில் என்ன நடந்தது? மடாலயத்தைக் குண்டுவீசி அழித்தது இவர்களால்தானா?

இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்வது தவறாகும். ரோமுக்குப் போகும் பாதையை மறித்து நின்றது கசினோ மலை. உச்சியில் ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் நிறுவிய மடாலயம். அமெரிக்கர்கள் முயன்று ஓய்ந்த இடத்தில் 1944 பிப்ரவரியில் 4வது டிவிஷன் வந்து நின்றது. அப்போது நோயில் படுத்திருந்த டக்கர், மலையை நேராக மோதாமல் சுற்றிப் போக வேண்டும் என்றே எழுதினார். நேபிள்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் மடாலயத்தைப் பற்றிய நூலைத் தேடி எடுத்து, சுவர்களின் அடிக்கனம் குறைந்தது 10 அடி என்பதையும் சுட்டிக்காட்டினார். நேராகத்தான் போக வேண்டும் என்றால் அதைக் கனமான குண்டுகளால் நொறுக்கிவிட்டே ஆட்களை அனுப்ப வேண்டும் என்பது அவர் நிலை. குண்டுவீச்சைக் கோரியவர்களில் அவர் இருந்தார் என்பதை மறைக்க முடியாது. அவருடைய முதல் யோசனை கேட்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

பிப்ரவரி 15 காலையில் விமானங்கள் வந்தன. காலாட்படை அன்று தயாராகவே இல்லை. எதிரிக்குச் சில பத்து கெஜ தூரத்தில் கிடந்த, டிவிஷனின் பிரிட்டிஷ் பட்டாலியனான ராயல் சசெக்ஸ் வீரர்களுக்கு முன்னறிவிப்புகூடப் போகவில்லை. குண்டுகளில் சில அவர்கள்மீதே விழுந்தன. அன்றிரவு ஒரே ஒரு கம்பெனி தாக்கியது, மறுநாள் இரவு ஒரு பட்டாலியன், 17ஆம் தேதி இரவுதான் ராஜ்புதானா ரைபிள்ஸும் கூர்க்காக்களும். அதற்குள் ஜெர்மானியப் பாராசூட் வீரர்கள் இடிபாடுகளுக்குள் புகுந்து நல்ல அரணாக்கிக்கொண்டார்கள். முட்புதருக்குள் கண்ணிவெடி விதைத்திருந்தார்கள். கூர்க்காக்கள் அதில் மடிந்தார்கள்.

மார்ச் மாதத்து அடுத்த சண்டையில் 9வது கூர்க்காவின் முதல் பட்டாலியன் மடாலயத்துக்குக் கீழே 'ஹேங்மேன்ஸ் ஹில்' என்ற பாறை முனையைப் பிடித்து, ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. விமானத்திலிருந்து எறிந்த உணவில் பாதி பள்ளத்தில் விழுந்தது. மார்ச் 24 இரவு அவர்கள் கீழே இறக்கப்பட்டார்கள். கசினோவில் டிவிஷன் இழந்தது 3000 பேருக்கு மேல். மலையைப் பிடித்த பெருமை மே மாதத்தில் போலந்துப் படைக்குப் போனது.

கசினோவைத் தோல்வி என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அது மேலிருந்து வந்த தோல்வி. மலையின் தன்மை அறிந்தவர் எழுதிக்கொடுத்தும், துண்டு துண்டாக ஆட்களை அனுப்பியதன் விலை.

மொத்தக் கணக்கு என்ன?

போர் முழுவதிலும் இறப்பு, காயம், சிறை எல்லாம் சேர்த்து டிவிஷனின் இழப்பு 25,000 பேர் அளவில். அதாவது டிவிஷனின் முழுப் பலத்தையும் தாண்டிய எண்ணிக்கை. அது பிடித்த கைதிகள் சுமார் 1,50,000. விக்டோரியா கிராஸ் நான்கு. நான்காவதை 1944 செப்டம்பரில் சான் மரினோவில் ரைபிள்மேன் ஷேர் பகதூர் தாபா பெற்றார். அதன்பின் டிவிஷன் கிரீஸுக்குப் போய் அங்கே உள்நாட்டுப் போருக்கு நடுவே நின்றது.

பிரிவினையின்போது டிவிஷன் என்ன ஆனது?

1947 ஆகஸ்டில் பஞ்சாபில் மக்களைக் காக்க அமைக்கப்பட்ட எல்லைப் படைக்கு இந்த டிவிஷன்தான் அடித்தளம். அதன் தளபதி ரீஸ் அப்படைக்கும் தலைவர். எரியும் மாகாணத்தின் அளவுக்கு அந்தப் படை போதவில்லை, ஒரே மாதத்தில் கலைத்துவிட்டார்கள்.

போரில் ஒரே டிவிஷனில் நின்ற பட்டாலியன்கள் பிரிந்தன. 1வது, 16வது பஞ்சாப் ரெஜிமென்ட்டுகள் பாகிஸ்தானுக்கு, ராஜ்புதானா ரைபிள்ஸும் சீக்கியரும் 9வது கூர்க்காவும் இந்தியாவுக்கு, 2வது கூர்க்கா பிரிட்டனுக்கு. ஆகவே செங்கழுகின் போர்க்காலப் பெருமையில் மூன்று நாட்டு ராணுவங்களுக்கும் பங்குண்டு.

1962இல் நேஃபாவில் உடைந்தது இதே டிவிஷன்தானா?

ஆம், சீனாவுடனான போரில். நேஃபா என்பது இன்றைய அருணாசலப் பிரதேசம். பலர் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது.

அம்பாலாவில் சமவெளிப் போருக்குப் பழகியிருந்த டிவிஷனை 1959இல் இமயமலைக்கு அனுப்பினார்கள். பிரிகேடியர் தல்வியின் 7வது பிரிகேடை நம்கா சூ ஆற்றின் கரையில், எதிரிக்குக் கீழே இருந்த பள்ளத்தில் வரிசையாக நிறுத்தி, மேலே இருக்கும் தாக்லா முகட்டிலிருந்து சீனர்களை விரட்டச் சொன்னார்கள். குளிருக்குப் பருத்திச் சீருடை, காலுக்குக் கித்தான் காலணி, பீரங்கி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. அக்டோபர் 20 காலை சீனப்படை இறங்கியது. சில மணி நேரத்தில் பிரிகேட் அழிந்தது. 2 ராஜ்புத் பட்டாலியனில் மட்டும் 282 பேர் இறந்தார்கள். தல்வி சிறைப்பட்டார்.

மூன்று நாள் கழித்து பும் லா பக்கம் 1 சீக்கிய பட்டாலியனின் சுபேதார் ஜோகிந்தர் சிங், தோட்டா தீர்ந்தும் துப்பாக்கிக் கத்தியோடு போரிட்டுப் பரம வீர் சக்ரா பெற்றார். தனித்தனி வீரர்கள் குறை வைக்கவில்லை. நவம்பரில் சே லாவில் வலுவான அரண் இருந்தும், 17ஆம் தேதி இரவு தொடங்கிய பின்வாங்கல் சிதறலாகி, டிவிஷனின் தலைமையகமே கலைந்தது. சே லாவைக் காத்த பிரிகேடின் தளபதி பிரிகேடியர் ஹோஷியார் சிங் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். இதற்கு சிப்பாய்களைக் குறை சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. டக்கர் போல 'முடியாது' என்று சொல்லி அதை நிலைநிறுத்தக்கூடிய குரல் அந்த மேல்மட்டத்தில் இல்லை.

அசல் உத்தர் வெற்றி இவர்களுடையதா?

ஆம். 1965 செப்டம்பரில், பாகிஸ்தானுடனான போரின்போது, இது 4வது மலை டிவிஷன். தளபதி மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங். பஞ்சாபின் கெம்கரன் பக்கம் 6ஆம் தேதி தொடங்கிய முதல் தாக்குதல் சரிப்படவில்லை. சில பட்டாலியன்கள் கலைந்து பின்வந்தன. மூன்றாண்டுக்கு முன் நடந்தது மறுபடி நடக்குமோ என்ற நிலை. குர்பக்ஷ் சிங் எஞ்சியதைக் கூட்டி, அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி வளைந்த அரணாக நிறுத்தினார். வயல்களில் தண்ணீர் பாய்ச்சி நிலத்தைச் சேறாக்கினார்கள். கரும்புத் தோட்டங்களில் டாங்கிகளும் ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பில்லாத பீரங்கிகளும் மறைந்தன. பாகிஸ்தானின் முதல் கவச டிவிஷன் பேட்டன் டாங்கிகளோடு வந்து சேற்றில் மாட்டியது. 4 கிரெனேடியர்ஸ் பட்டாலியனின் ஹவில்தார் அப்துல் ஹமீது டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்து, 10ஆம் தேதி வீழ்ந்தார். பரம வீர் சக்ரா பெற்றார். துணைநின்ற 2வது கவச பிரிகேடின் தளபதி பிரிகேடியர் தியாகராஜுக்கு மகா வீர் சக்ரா. அழிந்தும் கைப்பற்றப்பட்டும் 97 டாங்கிகள் என்பது இந்தியக் கணக்கு.

4 கிரெனேடியர்ஸ் 1962இல் நம்கா சூவில் இருந்த பட்டாலியன். ஹேங்மேன்ஸ் ஹில்லில் கிடந்த 9வது கூர்க்காவின் முதல் பட்டாலியன் நம்கா சூவிலும் இருந்தது, கெம்கரனிலும் இருந்தது. ஒரு சண்டையை மட்டும் வைத்து ஒரு படையை எடைபோடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதற்குப் பின்?

1971இல் கிழக்கே, இன்றைய வங்கதேசத்தின் ஜெசோர், குஷ்டியா பகுதியில் மேஜர் ஜெனரல் பராரின் தலைமையில் போரிட்டது. இன்று அதன் தலைமையகம் பிரயாக்ராஜில். சிவப்புக் கழுகு மாறவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் இரண்டாம் உலகப்போரில் இருந்தார். 4வது டிவிஷனா என்று எப்படி அறிவது?

டிவிஷன் பெயரைத் தேடாதீர்கள், கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். விடுவிப்புச் சான்றிதழிலும் சம்பளப் புத்தகத்திலும் அதுதான் இருக்கும். 11வது ஃபீல்டு பார்க், 12வது ஃபீல்டு கம்பெனி என்று இருந்தால் செங்கழுகுதான். பதக்கங்களில் ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் இரண்டும் இருப்பது நல்ல அறிகுறி, ஆனால் முடிவான ஆதாரம் இல்லை, ஏனெனில் இந்தியாவின் 8வது, 10வது டிவிஷன்களும் இத்தாலியில் போரிட்டன. சாப்பராக இருந்தவர்களுக்கு, படை எண் தெரிந்தால், பெங்களூரிலுள்ள மெட்ராஸ் இன்ஜினீயர் குழுமத்தின் ஆவணப் பிரிவுக்கு எழுதலாம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பெயரைத் தேடலாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் விதவிதமாக எழுதிவைத்திருப்பார்கள். ஒரு எழுத்துக்கூட்டில் கிடைக்காவிட்டால் வேறொன்றில் தேடிப் பாருங்கள். ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் பல பதிவுகளில் சேர்ந்தே இருக்கும்.